துண்டு போர்த்திய மானிட்டர்

என் மனைவி பட்டுப் புடவைகளுக்கு டிசைன் போடுகிறவள். முன்னறையில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் அவளுடைய பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. திரையில் ஒரு புள்ளி என்றால் தறியில் ஓர் இழை. அவள் புள்ளி புள்ளியாக வைத்து முடிப்பதைத் தறிக்காரர்கள் புடவையாக நெய்கிறார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் கை முதலில் போவது சேவ் செய்யும் பட்டனுக்கு. அடுத்து நாற்காலியில் தொங்கும் துண்டுக்கு. வருகிறவர் உள்ளே கால் வைக்கும்போது மானிட்டர் துண்டு போர்த்தியிருக்கும்.

வருகிறவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்கள் வீட்டுக்கு நாம் போனாலும் தறியில் நெய்துகொண்டிருக்கும் முந்தியின் மேல் வேட்டித் துணி கிடக்கும். எங்கள் தெருவில் அது மரியாதை. ஒரு வியாபாரி கொடுத்த டிசைன், அந்தப் புடவை கடைக்கு வரும்வரை வேறு கண்ணில் படக்கூடாது. எழுதி வாங்கிக்கொள்வது கிடையாது. "யார் கண்ணுலயும் படாதுங்க" என்று ஒரு முறை சொல்வதோடு சரி. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் அவளுக்கு வேலை வருகிறது.

நான் செய்தித்தாள் ஒன்றில் பல வருடம் செய்தி திருத்தியவன். இப்போது வீட்டிலிருந்தபடி புத்தகங்களுக்குப் பிழை பார்க்கிறேன். என் லேப்டாப் நடு அறையில் இருக்கிறது. அதில் லினக்ஸ், அவளுடையதில் பழைய விண்டோஸ். அவள் டிசைன் மென்பொருள் அந்தப் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்பதால் அதை மாற்ற முடியாது. டிசைன் முடிந்ததும் படத்தைச் சிறிதாக்கி வியாபாரிக்கு அனுப்புவது என் வேலை. அதற்காக பென் டிரைவ் இரண்டு அறைக்கும் நடுவே ஒரு நாளில் பத்து தடவை போய் வரும். ஊரில் எங்கெங்கோ தறி மெஷின்களில் செருகப்பட்ட பென் டிரைவ் அது. ஒரு நாள் அதிலிருந்த வைரஸ் அவளுடைய ஃபோல்டர்களையெல்லாம் வெறும் ஷார்ட்கட்டுகளாக ஆக்கிவிட்டது. உள்ளே இருந்தவற்றை மீட்க இரண்டு நாள் ஆயிற்று.

அதன் பிறகுதான் வீட்டு வைஃபை மூலமாகவே இரண்டு கம்ப்யூட்டரையும் இணைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். சுலபமான வேலை என்று நினைத்தேன். முதல் நாள் அவள் கம்ப்யூட்டர் என் லேப்டாப்பின் கண்ணுக்கே தெரியவில்லை. ஃபயர்வாலில் அனுமதி கொடுத்த பிறகு தெரிந்தது. கரன்ட் போய் வந்தால் அதன் முகவரி மாறி மறுபடி காணாமல் போயிற்று. ரவுட்டரில் அதற்கு நிலையான முகவரி ஒன்றைக் கொடுத்தேன். கம்ப்யூட்டரின் பெயர் என்ற இடத்தில் பொருளில்லாத எழுத்தும் எண்ணுமாக ஏதோ இருந்தது. அதை அழித்துவிட்டு 'டிசைன்' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தேன். உள்ளே என்ன இருக்கிறதோ அதைத் தலைப்பு சொல்ல வேண்டும் என்பது என் தொழில் பழக்கம்.

கடைசித் தடை பாஸ்வேர்ட். ஃபோல்டரைத் திறக்கப் போனால் அவள் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டைக் கேட்டது. அவள் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டே கிடையாது. வெறுமனே விட்டால் உள்ளே விடாது. ஒன்று, பாஸ்வேர்ட் வைக்க வேண்டும். இல்லாவிட்டால், ஷேர் செய்வதற்குப் பாஸ்வேர்ட் வேண்டாம் என்று அமைப்பை மாற்ற வேண்டும்.

"ஒரு பாஸ்வேர்ட் வெச்சிடலாம்" என்றேன்.

"எதுக்கு? கரன்ட் போயி போயி வரும், ஒவ்வொரு வாட்டியும் நான் அத அடிச்சிகினு ஒக்காரணுமா? சும்மாவே இது எழுந்திரிக்க கால் மணி நேரம் ஆவுது."

"பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கு இல்ல?"

"வீட்ல கீறது நீங்களும் நானும். உங்க கிட்டேர்ந்தா பாதுகாப்பு? பேஜார் பண்ணாதீங்க."

பாஸ்வேர்ட் வேண்டாம் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தேன். யாருக்கு அனுமதி என்று கேட்ட கட்டத்தில் 'எவ்ரிஒன்' என்பதைச் சேர்த்தேன். ஃபோல்டர் திறந்தது. நடு அறையில் உட்கார்ந்தபடி அவள் அப்போதுதான் சேவ் செய்த படத்தைப் பார்த்தேன். குரல் கொடுத்தேன். அவள் எழுந்து வந்து என் திரையைப் பார்த்தாள். "பரவால்லயே" என்றாள். நாங்கள் இருவரும் அன்று 'எவ்ரிஒன்' என்ற சொல்லுக்கு நாங்கள் இருவர் என்றுதான் பொருள் கொண்டிருந்தோம்.

எங்கள் வைஃபையில் வேறு யாரெல்லாம் இருந்தார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். கால்வாய்க்காகத் தெருவைத் தோண்டியபோது பக்கத்து வீட்டுக்குப் போகும் இணையக் கேபிள் அறுந்துவிட்டது. பாஸ்வேர்ட் கேட்டார்கள், கொடுத்தோம். எதிர்வீட்டுத் தையல்காரர் கேட்டார், கொடுத்தோம். தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டினால் நாலு வீட்டு ஆட்கள் கேட்காமலே வந்து இழை பிடிப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வைஃபை பாஸ்வேர்ட் கேட்பவருக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. அதை நாங்கள் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லை. ஆனால் டிசைன் போடுகிறவர்களுக்கு அதுதான் வேலை நெருக்கும் காலம். ஆவணிக் கல்யாணங்களுக்கான புடவைகள் அப்போதுதான் தறியில் ஏற வேண்டும். அந்த ஆடியில் அவளுக்கு அதிகமாக வேலை கொடுக்கும் பட்டு வியாபாரி ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பேனாவால் கிறுக்கிய படத்துடன் வந்தார். முந்தி முழுக்க நெற்கதிர்கள், கதிரைக் கொத்தும் சிட்டுக்குருவிகள். புடவையின் உடலில் சின்னச் சின்னதாக நெல்மணிகள். "ஆரணின்னா பட்டும் அரிசியும் தானேம்மா. ரெண்டையும் ஒண்ணா யாரும் போட்டது இல்ல" என்றார். அவள் வழக்கமான அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னாள். பதினோரு நாள் வேலை. முடிந்ததும் நான் படத்தை அனுப்பினேன். "சூப்பர். தறிக்குக் குடுத்துடலாம்" என்று பதில் வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். வீட்டில் நான்கு தறி வைத்து, கடைத்தெருவில் இருக்கும் வேறொரு வியாபாரிக்கு நெய்து கொடுப்பவர் அவர். என் மனைவியைத் தங்கச்சி என்பார். அந்த முறையில் நான் அவருக்கு மாப்பிள்ளை. அவள் துண்டை இழுத்து மானிட்டரை மூடினாள். அவர் சிரித்தார்.

"மூடு மூடு. நான் ராத்திரியே பாத்துட்டேன்."

"இன்னாத்தண்ணா பாத்தே?"

"குருவியதான். நல்லா வந்து கீதும்மா. கண்ணு கூட வெச்சு கீறே. ஆனா முந்தி ஓரத்துல, டிசைன் மறுபடி ஆரம்பிக்குது பாரு, அந்த ஜாயிண்ட்ல கதிருத் தண்டு ஒரு இழை தள்ளி நிக்குது. நெஞ்சா வெட்டு விழுந்த மாதிரி தெரியும். அதச் சொல்லலாம்னுதான் வந்தேன்."

துண்டின் நுனி இன்னும் அவள் கையில் இருந்தது. நான்தான் கேட்டேன்.

"மச்சான், எங்க பாத்தீங்க?"

"எங்க வீட்டு கம்ப்யூட்டர்லதான். புதுசா பிரின்டர் வாங்கினு வந்தோம் இல்ல, அது எங்க கீதுன்னு தேடிகினு இருந்தேன். பிரின்டரு வரல மாப்ளே, டிசைன்னு ஒண்ணு வந்துச்சு. டிசைன்னு எழுதிப் போட்டா நெசவுக்காரன் கண்ணு சும்மா போவுமா? தட்டினேன், தொறந்துகிச்சு. வைஃபைல ஜல்தியா வரலன்னு எங்க கம்ப்யூட்டர்லயே இழுத்துப் போட்டுப் பாத்தேன்."

பேசிக்கொண்டே வந்தவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துப் பாதியில் நிறுத்தினார். அவர் எங்களிடம் வந்தது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள அல்ல. பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் இருந்தால் சொல்வதுபோல ஒரு குறையைச் சொல்ல வந்தார். தான் பார்த்தது பார்க்கக் கூடாதது என்பது எங்கள் முன்னறையில் நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது.

"நீ தொறந்து வெச்சிருக்கறதா நெனச்சேம்மா. கடைக்கு வந்துட்ச்சு போலன்னு நெனச்சேன்."

"இன்னும் தறிக்கே போவலண்ணா" என்றாள்.

அவர் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். என் கண் முன்னால் அந்தப் படத்தை அழித்தார். பிறகு குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தார். வேறு யாருக்கும் அனுப்பவில்லை, யாரும் பார்க்கவில்லை என்றார். நான் நம்பினேன். ஆனாலும் வெளியே வரும்போது எனக்குள்ளிருந்த பழைய செய்திக்காரன், ராத்திரி அந்த அறையில் வேறு யார் இருந்தார்கள் என்று கேட்டிருக்க வேண்டும் என்றான். கேட்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது அவள் படத்தைத் திறந்து பெரிதாக்கி ஜாயிண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்டு ஓர் இழை தள்ளித்தான் நின்றது.

"சரியாத்தான் சொல்லிகீறாரு" என்றாள். பிறகு செல்போனை எடுத்தாள்.

"யாருக்கு?"

"டிசைன் குடுத்தவருக்குத்தான். சொல்லிடணும்."

நான் உடனே தடுத்தேன், சொல்ல வேண்டாம் என்றேன். அதற்கு நான் கொடுத்த காரணங்களை இப்போது எழுதும்போது அவை எவ்வளவு ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன என்பது தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர். படம் அழிந்துவிட்டது. அவர் வாய் திறக்கப் போவதில்லை. சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. 'எவ்ரிஒன்' என்பதைச் சேர்த்தது என் விரல் என்பதை மட்டும் அந்தக் காரணங்களில் நான் சேர்க்கவில்லை.

"நீங்க பேப்பர்ல தப்பா ஒண்ணு போட்டுட்டா இன்னா செய்வீங்க?" என்று கேட்டாள்.

"மறுநாள் திருத்தம் போடுவோம்."

"எங்க போடுவீங்க?"

"உள்பக்கத்துல. கீழே."

"ஆங். எனக்கு உள்பக்கம் கெடையாதுங்க."

வியாபாரியின் செல்போனுக்கு லைன் கிடைக்கவில்லை. அவர் கடைக்குப் போன் செய்தபோது, ஆடி வெள்ளி என்பதால் குடும்பத்தோடு படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அங்கே கூட்டத்தில் சிக்னல் கிடைக்காது. சாயங்காலம்வரை அவள் பன்னிரண்டு முறை முயன்றாள். நடுவில் சோறு வடித்தாள். துணி மடித்தாள். முந்தி டிசைன் திரையிலேயே இருந்தது. அதன் பிறகு யாரும் வரவில்லை. ஆனாலும் துண்டைப் போர்த்தி வைத்திருந்தாள்.

ஐந்தரை மணிக்கு அவரே கூப்பிட்டார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், நெல்லு டிசைன வேற ஒருத்தரு பாத்துட்டாருங்க. எங்க வீட்டு வைஃபைல தொறந்து கெடந்துச்சு. தப்பு எங்களுதுதான்."

மறுமுனையில் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது.

"யாரு?"

அவள் சொன்னாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அவரேதான் வந்து சொன்னாரு. ஜாயிண்ட்ல ஒரு இழை தள்ளி கீதுன்னு."

"காலைல வரேன்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அவர் வந்து முன்னறையில் உட்கார்ந்தார். நெற்றியில் படவேட்டுக் குங்குமம் இன்னும் இருந்தது. கொடுத்த காபியைக் குடிக்காமல் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொன்னார். அவர் வந்து கதவருகே நின்றார். இருவரும் பல வருடமாக ஒருவரையொருவர் அறிந்தவர்கள்தான். ஆனால் வேறு வேறு கடைப் பக்கம் இருப்பவர்கள்.

"உக்காருப்பா. உங்க முதலாளிக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. சொல்ல மாட்டேன்."

"அழிச்சிட்டியாமே."

"கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டேங்க. மாப்ள பாத்தாரு. கண்ணுல கீறத இன்னா பண்றது? நாளைக்கே எங்க முதலாளி குருவி வெச்சு ஒண்ணு நெய்யின்னு சொன்னார்னு வெச்சிக்கோங்க. என் கை தானா இந்தக் குருவியதான் போடும். நான் வேணும்னு போட மாட்டேன். ஆனா போடும்."

வியாபாரி தலையாட்டினார். கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. ஒரு கணக்கைச் சரிபார்ப்பவர் முகம்போல் இருந்தது. என் பக்கம் திரும்பினார்.

"சார் பேப்பர்ல இருந்தவரு இல்ல? ஊருக்கெல்லாம் விஷயத்தச் சொல்லிப் பழக்கம். விட முடியுமா?"

பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

"குருவி போச்சும்மா" என்றார் வியாபாரி என் மனைவியிடம். "நெல்லு மணி இருக்கட்டும், அது சின்னப் பொட்டு மாதிரிதான தெரியும். முந்தி வேற வேணும். பத்து நாளுக்குள்ள தறிக்குப் போவணும்." அவ்வளவுதான். இனி வேலை கொடுப்பேன் என்றோ கொடுக்கமாட்டேன் என்றோ சொல்லவில்லை. காபி ஆறிப்போயிருந்தது. எழுந்து போய்விட்டார்.

அன்று பிற்பகல் ரவுட்டரில் நுழைந்து, எங்கள் வைஃபையில் இணைந்திருப்பவற்றின் பட்டியலைப் பார்த்தேன். பதினொன்று இருந்தன. நான்குதான் எங்களுடையவை. மீதி ஏழில் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரும் பிரின்டரும் இருந்தன. மற்றவை தெருவின் செல்போன்கள். வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிடப் போகிறேன் என்றேன்.

"மாத்தாதீங்க."

"இவ்வளவு ஆன பிறகுமா?"

"இப்ப மாத்தினா அந்தண்ணனத் திருடன்னு சொன்ன மாதிரி. பாத்ததும் அவருதான், வந்து சொன்னதும் அவருதான். தெருவுக்குக் குடுத்தது தெருவுக்கே இருக்கட்டும். என் பொட்டிய மட்டும் பூட்டுங்க."

அப்படித்தான் செய்தேன். 'எவ்ரிஒன்' என்பதை நீக்கினேன். அவள் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்ட் வைத்தேன். அனுப்ப வேண்டிய படம் மட்டும் வந்து விழுவதற்குத் தனியாக ஒரு ஃபோல்டர் செய்தேன். முழு வேலைக்கும் இருபது நிமிடம் ஆயிற்று. முதல் நாளே செய்திருக்கலாம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்று நாள் அவள் எதுவும் போடவில்லை. திரையில் வெறும் கட்டம் கட்டமாகக் கிடந்தது. எது போட்டாலும் குருவியின் மிச்சமாகவே வருகிறது என்றாள். நான்காம் நாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு ஊர்க்கோடியில் இருக்கும் அரிசி மில்லுக்குப் போனாள். அங்கே களத்தில் அவித்த நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். ஒரு பெண் நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து கிளறிக்கொண்டிருந்தாள். அவள் போன வழியெல்லாம் வரிவரியாகச் சால் விழுந்தது. களத்தின் ஓரத்தில் திரும்பும் இடத்தில் சால்கள் வளைந்து ஒன்றையொன்று தொட்டன. என் மனைவி ஒரு மணி நேரம் அங்கே நின்றாளாம். மில்காரர் நெல் வாங்க வந்தவளா என்று கேட்டாராம்.

அடுத்த மூன்று நாளில் முந்தி முடிந்தது. கதிர் இல்லை, குருவி இல்லை. ஜரிகையில் நீண்டு போய் வளைந்து திரும்பும் சால்கள் மட்டும். கடைசி நாள் முழுக்க அவள் ஜாயிண்டை மட்டுமே பார்த்தாள். படத்தை எனக்கான ஃபோல்டரில் போடவில்லை. அனுப்ப வேண்டாம், அவரே வந்து பார்க்கட்டும் என்றாள்.

மறுநாள் அவர் வந்தார். பக்கத்து ஊரான சேத்துப்பட்டுக்குப் போகும் வழியில் இறங்கியதாகச் சொன்னார். அவள் பாஸ்வேர்டை அடித்தாள். இரண்டு தடவை தவறாயிற்று. மூன்றாம் தடவை திறந்தது. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு திரைக்கு நேராக உட்கார்ந்தார். அவர் விரல் ஒரு சாலின் மேல் திரையைத் தொடாமல் நகர்ந்து, வளைவில் திரும்பி வந்தது.

"இது காலடியாம்மா?"

"ஆமாங்க சார். களத்துல நெல்லு கிளறுவாங்க இல்ல, அது."

"எங்கம்மா கிளறியிருக்கு" என்றார்.

அவள் டிசைனை ஏற்றிக் கொடுத்த பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வாசல்வரை போனவர் நின்றார். கைப்பையைத் திறந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்துத் திரும்பி வந்து அவளிடம் நீட்டினார்.

"இது தை மாசத்துக்கு. அவசரம் இல்ல."

அவர் போன பிறகும் அவள் அந்தத் தாளைப் பிரிக்கவில்லை. கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறு கையை நாற்காலியில் தொங்கிய துண்டின் மேல் வைத்தாள். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நடு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.